மட்கு தாமிரத்தைப் பிடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்

மட்கில் உள்ள கருநிறக் கரிமப் பொருள்களான ஹியூமிக் பொருள்கள் உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் என்று படித்திருப்போம். அதை நேரில் பார்க்க முயன்று இரண்டு முறை சொதப்பினேன். மூன்றாம் முறை சரியாக வந்தது இப்படி. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

1. சலித்த மட்கு உரம் 10 கிராமை 100 மில்லி 0.1 மோலார் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு மூடி, ஓர் இரவு வையுங்கள். மேலே நிற்கும் கருந்திரவத்தை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

2. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 1-க்குக் கொண்டுவாருங்கள். திரிந்து கீழே இறங்குவதுதான் ஹியூமிக் அமிலம். மேலே மஞ்சளாக நிற்பதில், அமிலத்திலும் கரைந்தே நிற்கும் ஃபுல்விக் அமிலம் இருக்கும். வடிதாள் பக்கமே போகாதீர்கள், கூழ் அடைத்துக்கொள்ளும். படியவிட்டு இறுப்பதே மேல். இரண்டு முறை கழுவுங்கள்.

3. கூழை 10 மில்லி வாலைவடிநீரில் கலக்கி, பிஹெச் 5-க்கு உயர்த்துங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். காரம் கூடினால் பிணைப்பும் கூடும் என்று நினைத்து 8-இல் வைத்தேன். தாமிரக் கரைசலை விட்டதும் கரைசலில் தாமிரம் முழுக்கக் காணாமல் போனது, குதித்தேன். அப்புறம் மட்கே இல்லாத வெறும் நீரில் செய்து பார்த்தால் அங்கும் அதே கதை! அந்தப் பிஹெச்சில் தாமிரம் ஹைட்ராக்சைடாகத் தானே படிந்துவிடுகிறது. மட்கு இல்லாத ஒரு குழாயையும் கூடவே வைக்காமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ரொம்பக் கீழே போனாலும் பயனில்லை. ஹியூமிக் அமிலத்தில் உலோகத்தைப் பிடிக்கும் இடங்களான கார்பாக்சில் தொகுதிகளை ஹைட்ரஜன் அயனிகளே பிடித்துக்கொண்டிருக்கும், தாமிரத்துக்கு இடம் இருக்காது. பிஹெச் தாளை நம்பாதீர்கள், பழுப்பு நிறம் அதன் நிறத்தை மறைத்துவிடும். மலிவான மீட்டர்கூடப் போதும்.

4. பிஹெச் 5-க்குச் சரிசெய்த 0.01 மோலார் மயில்துத்த (தாமிர சல்பேட்) கரைசல் 10 மில்லியை இரு குழாய்களிலும் விடுங்கள். மட்கு உள்ள குழாயில் மட்டும் பிஹெச் சட்டென்று இறங்கும். தாமிரம் உள்ளே நுழைந்து ஹைட்ரஜனை வெளியே தள்ளுகிறது. கார்பாக்சிலும் பக்கத்து பீனால் தொகுதியும் சேர்ந்து நண்டுப்பிடி போடும் இடங்களில் பிணைப்பு இன்னும் உறுதி.

5. படிந்த கூழைக் கழுவி, பிஹெச் 1 அமிலத்தில் கலக்குங்கள். கூழ் கரையாது, தாமிரம் வெளியே வரும். தெளிந்த நீரில் அம்மோனியாவைத் தாராளமாக விட்டால் அடர்நீலம், அதுதான் தாமிரத்தின் அடையாளம்.

பின்சேர்க்கை: குழாய்த் தண்ணீரில் செய்த ஒருவருக்குக் தாமிரம் விடும் முன்பே கூழ் திரண்டுவிட்டதாம். கடின நீரின் கால்சியம் செய்த வேலை. அதன் பிடி தாமிரத்தைவிடத் தளர்ந்தது என்றாலும் அளவில் அதிகம். வாலைவடிநீர்தான் வேண்டும்.