கால் பெருவிரல் மூட்டில் நீர் எடுத்து ஊசி போடுவதற்கு முன்னும் பின்னும்

நடுச்சாமத்தில் கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறாற்போல் வலித்தால், அது பெரும்பாலும் யூரிக் அமிலம் உப்பாகப் படிவதால் வரும் கவுட் வாதமே. கிருமித் தொற்றும் ஏறக்குறைய இதே கோலத்தில் வரும் என்பதால்தான் மருத்துவர்கள் மூட்டு நீரை எடுத்துப் பார்க்கிறார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் பச்சிலைப் பற்றுப் போடுவதும் எண்ணெய் தேய்த்து நீவுவதும் வேண்டாம். ஊசி இறங்க வேண்டிய தோல் அதில் புண்ணாகிவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகும். வயலிலிருந்து நேரே வருபவர்கள் விரலிடுக்குச் சேறு போகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரவேண்டும். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, மரப்பு மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

படுக்கவைத்து, தோலைக் கிருமிநாசினியால் துடைத்த பின், மருத்துவர் விரலை மெல்ல இழுத்துச் சற்றுக் கீழ்நோக்கி மடக்குவார். அப்போதுதான் மூட்டின் இடுக்கு திறக்கும். விரலைத் தூக்கினால் மேலே கயிறுபோல் புடைக்கும் தசைநாரைத் தவிர்த்து, அதன் உட்பக்கமாக மெல்லிய ஊசி இறங்கும். முழங்கால் மூட்டிலிருந்து சிரிஞ்சு நிறைய நீர் வருவதைப் பார்த்தவர்கள், இங்கே ஒன்றிரண்டு துளியே வருவதைக் கண்டு ஏமாறுவதுண்டு. அந்தத் துளியே போதும்: முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் ஊசி ஊசியாக யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்கள் தெரிந்தால் கவுட் உறுதி. படிகம் தெரிந்தாலும் தொற்றும் கூடவே இருக்கலாம். ஆகவே சந்தேகம் இருந்தால் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைப் போடாமல் காத்திருப்பதே முறை. என் பார்வையில், உள்ளே போகும் மருந்தைவிட வெளியே வரும் துளிக்கே மதிப்பு அதிகம். தொற்று இல்லை என்று தெளிந்தால், ஸ்டீராய்டும் லிடோகெயின் என்ற மரப்பு மருந்தும் சேர்த்து, வழக்கமாக 1 மில்லி லிட்டருக்கு மேற்படாமல் செலுத்துவார்கள்.

மரப்பு சில மணி நேரத்தில் விட்டதும் வலி திரும்பலாம். ஸ்டீராய்டு வேலை செய்ய ஓரிரு நாளாகும். அதுவரை துண்டில் சுற்றிய ஐஸ்கட்டியை வைத்து, நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். காய்ச்சலோ, நாளுக்கு நாள் கூடும் சிவப்போ கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் திரும்புங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் காட்டினாலும் அதை நம்பிவிடாமல், வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். ஏற்கெனவே யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபுரினால் மாத்திரை சாப்பிடுபவர்கள், வலி வந்துவிட்டதே என்று அதை நிறுத்தக் கூடாது.