மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் அரசு தரும் நிதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசின் நிதியாண்டு பன்னிரண்டு மாதங்களில் முடிந்துவிடும். மனச்சிதைவு நோய்க்கும் குடிநோய்க்கும் அப்படிக் கணக்கு முடிக்கும் நாள் எதுவும் கிடையாது. பலருக்கு அவை ஆண்டுக்கணக்கில் தொடரும், நடுவே தணியும், மீண்டும் தலைதூக்கும். இந்தச் சேவைகளுக்கு அரசுகள் நிதி தரும் விதத்தில் திரும்பத் திரும்ப நேரும் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவை இந்த இரண்டு காலக் கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தாததால் விளைபவை என்பது தெரியவரும். பணம் குறைவு என்பதில் ஐயமில்லை. அரசுகள் தங்கள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்குத் தருவது பெரும்பாலும் இரண்டு விழுக்காட்டையொட்டியே நிற்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆனால் அந்தக் குறைந்த பணமும் வீணாகும் வழிகள் இருக்கின்றன. நாளைக்குத் தொகை இரட்டிப்பானாலும் அவை அப்படியே தொடரும் என்பதால் தனியே பேச வேண்டியிருக்கிறது.

எளிதில் நேர்வது, ஒதுக்கீட்டையே செலவென்று எடுத்துக்கொள்ளும் தவறு. பட்ஜெட்டில் அறிவித்த தொகை திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவாகச் சுருங்கியது, ஆண்டு முடிவில் உண்மையில் எவ்வளவு செலவானது என்ற இரண்டு எண்களையும் பார்க்காமல் எந்த அறிவிப்பையும் பாராட்டுவதில் பொருளில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் என்ற பெயரில் மத்திய பட்ஜெட்டில் இடம்பெற்ற தொகை 2018-19இல் 50 கோடி ரூபாயாக இருந்து அடுத்த ஆண்டு 40 கோடியாகக் குறைந்தது. அதைக் கண்டு நாட்டின் மனநலச் செலவே அவ்வளவுதான் என்று முடிவுகட்டுவது பிழை. மாவட்ட மனநலத் திட்டத்துக்கான பணம் தேசிய சுகாதார இயக்கத்தின் வழியாக மாநிலங்களுக்குப் போகிறது. பெங்களூருவிலுள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்றவற்றுக்கு வேறு கணக்குத் தலைப்பு. மாநில அரசுகள் நடத்தும் மனநல மருத்துவமனைகளின் செலவு மாநிலக் கணக்கில் வருகிறது. ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வாழ்த்துவதும் வசைபாடுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

இருப்பதிலேயே விலை கூடிய தவறு, பழைய மருத்துவமனையை மூடும்போது அதன் பணத்தை நோயாளியோடு சேர்த்து அனுப்பாமல் விடுவது. 1955இல் அமெரிக்காவின் மாநில அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5.6 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களை ஊருக்குள் வைத்தே பராமரிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, சமுதாய மனநல மையங்களுக்கான சட்டத்தில் 1963 அக்டோபர் 31 அன்று ஜான் கென்னடி கையெழுத்திட்டார். நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. குறையெல்லாம் நிதி வடிவமைப்பில் இருந்தது. மத்திய அரசின் பணம் முதலில் கட்டடத்துக்குக் கிடைத்தது. 1965இல் ஊழியர் சம்பளத்துக்கும் வழி செய்யப்பட்டது. ஆனால் அது தொடக்க ஆண்டுகளுக்கு மட்டும், அதுவும் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகும் உதவியாக இருந்தது. அதற்குள் உள்ளூர் அமைப்புகளும் காப்பீடும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். வசதியான பகுதிகளில் ஓரளவு அது நடந்தது. ஏழைப் பகுதிகளில் பால்குடி மறக்கடித்த பிறகு சோறு போட ஆளில்லை என்ற கதைதான். திட்டமிட்ட 1,500 மையங்களில் ஏறத்தாழப் பாதிதான் எழுந்தன. மருத்துவமனைகளைச் சுருக்கியதால் மாநிலங்களுக்கு மிச்சமான பணம் நோயாளிகளைத் தேடி வரவில்லை. 1981இல் மத்திய அரசு மையங்களுக்கு நேரடியாகத் தந்துவந்த உதவியும், மாநிலங்களுக்கு மொத்தமாகத் தரும் சிறிய மானியமாக மாறியது. 1990களின் நடுப்பகுதியில் அந்த மருத்துவமனைகளில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 70 ஆயிரம் பேர். வெளியேறியவர்களில் பலர் குடும்பத்தோடு நலமாக வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வெளியே எதுவும் ஏற்பாடு செய்யப்படாத இடங்களில் அவர்களை ஏற்றுக்கொண்டவை நடைபாதையும் சிறைச்சாலையும்தான்.

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் வரிசை வேறாக இருந்தது. அங்கே பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவரின் தலைமையில், மருத்துவமனையைச் சுருக்கிக்கொண்டே வந்த அதே வேளையில், அதன் ஊழியர்களையும் பணத்தையும் குடியிருப்புப் பகுதிகளில் திறந்த மையங்களுக்கு மாற்றினார்கள். 1978இல் வந்த 180ஆம் எண் சட்டம் இத்தாலி முழுவதும் மனநல மருத்துவமனைகளில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தியது என்றாலும், பணமும் ஆளும் அப்படி இடம் மாறாத பகுதிகளில் அதே சட்டம் பல ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது. இதிலிருந்து தெரிவது, சில ஆண்டுகளுக்குப் பழைய மருத்துவமனையும் புதிய மையமும் ஒருசேர இயங்கியாக வேண்டும் என்பதும், அந்த இரட்டைச் செலவுக்குத் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பதும்தான். நிதித்துறைகளுக்கு இதைவிடக் கசப்பான யோசனை இருக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, மாற்றமே வேண்டாம் என்று பழைய வழியில் போகும் நாடுகள் நிறைய. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, நடுத்தர வருவாய் நாடுகளில் மனநலத்துக்கான அரசுச் செலவில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெரிய மனநல மருத்துவமனைகளுக்கே போகிறது. உயர் வருவாய் நாடுகளில் இது 35 விழுக்காடு.

போதை மீட்பில் இதே தவறு வேறு உருவம் எடுக்கிறது. உள்நோயாளியாகச் சேர்த்து, உடலிலிருந்து போதைப்பொருள் நீங்கும்வரை கவனிக்கும் நஞ்சகற்றல் செய்து, ஒரு மாதத்தில் அனுப்பிவிடுவதற்கு மட்டும் பணம் தருவதுதான் அது. 28 நாள் சிகிச்சை என்ற அளவு ஆய்வில் கண்டறியப்பட்டதன்று. நிர்வாகத்துக்கும் காப்பீட்டுக்கும் வசதியாக இருந்ததால் நிலைத்துவிட்டது. தொண்ணூறு நாட்களுக்குக் குறைவான தொடர்பால் கிடைக்கும் பலன் சொற்பம் என்பது இத்துறையில் வெகுகாலமாக ஏற்கப்பட்ட கருத்து. இருபத்தொன்பதாம் நாள் வீடு திரும்புபவருக்குப் பழைய நண்பர்களும் பழைய கடனும் பழைய தூக்கமின்மையும் அப்படியே காத்திருக்கின்றன. ஹெராயின் போன்ற அபினி வகைப் போதைக்கு ஆட்பட்டவருக்கு ஆபத்து இதைவிடப் பெரியது: நான்கு வாரம் விலகியிருந்ததில் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது, முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். சிகிச்சை மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களில் இத்தகைய மரணங்கள் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே பின்தொடர் சிகிச்சைக்குப் பணம் தராமல் நஞ்சகற்றலுக்கு மட்டும் தருவதைப் பாதி உதவி என்று சொல்லி ஆறுதல் அடைய முடியாது. அபினி வகைப் போதைக்கு மாற்றாக மருத்துவக் கண்காணிப்பில் தரப்படும் மெத்தடோன், ப்யூப்ரெனார்பின் ஆகிய இரண்டு மருந்துகளும் 2005இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றைத் தொடர்ந்து எடுத்துக்கொள்பவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைகிறது. இருந்தும் "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்ற ஒரே கேள்வியில் பல இடங்களில் இவற்றுக்கான நிதி நின்றுபோகிறது.

படுக்கைக் கணக்கில் மானியம் தருவதன் பக்கவிளைவு ஒன்றையும் கவனிக்க வேண்டும். படுக்கைக்குப் பணம் என்றால் படுக்கையை நிரப்பி வைப்பதுதான் மையத்தின் கவலையாக இருக்கும். வீடு திரும்பியவரை வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேசுவதற்கும், வராதவரைத் தேடிப்போகும் ஊழியரின் பேருந்துக் கட்டணத்துக்கும் கணக்குத் தலைப்பே இருக்காது. நூறு ரூபாய்க்குள் முடியும் அந்த வேலை நடக்காததால், ஒரு மாத உள்நோயாளிச் செலவை மறுபடியும் முதலிலிருந்து செய்ய நேரிடும்.

தாமதமாக வரும் பணம் இன்னொரு தவறு. தொண்டு நிறுவனம் ஒன்று மானியத்தில் மையம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை செய்த கணக்கு, ஆய்வு அறிக்கை எல்லாம் மேலே போய்ச் சேர்ந்து அடுத்த தவணை இறங்குவதற்குள் ஆண்டில் பாதி கழிந்துவிடும். சரிபார்ப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது முடியும்வரை சம்பளத்தை நிறுத்திவைப்பதுதான் பிரச்சினை. நான்கு மாதம் சம்பளமில்லாத ஒப்பந்த ஆலோசகர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அவரிடம் பல வாரம் பேசி, வீட்டில் யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொல்லியிருந்த பெண், அடுத்து வந்த ஆலோசகரிடமும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார். மூன்றாவது ஆள் குறிப்பேட்டைத் திறந்து "முதலிலிருந்து சொல்லுங்கம்மா" என்றதும் எழுந்து போய்விடுகிறார். பதிவேட்டில் அது, "தானாக நின்றுவிட்டார்" என்று ஏறும். மருந்து இருப்பும் இப்படித்தான். மனநிலை ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்தும் லித்தியம் மருந்து ஒரு மாதம் கிடைக்காமல் போனதற்கான விலையை நோயாளியின் குடும்பம் கொடுக்கும். பிறகு ஆண்டுக் கடைசியில் பணம் மொத்தமாக வந்திறங்கும்போது, அதைக் காலாவதியாகாமல் செலவழித்தாக வேண்டிய அவசரத்தில் நாற்காலிகளும் கணினிகளும் விழிப்புணர்வுப் பதாகைகளும் வாங்கப்படும். நடந்துகொண்டிருக்கும் சேவைக்கு மூன்றாண்டு உறுதியும், சான்றிதழ் நிலுவையில் இருந்தாலும் சம்பளமும் மருந்தும் தடைபடாது என்ற விதியும் இருந்தால் இந்தக் கூத்தில் பெரும்பகுதி தவிர்க்கப்படும்.

மனநோயையும் போதைநோயையும் இரண்டு துறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதைப் பற்றி. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பணமோ இரண்டு வாய்க்கால்களில் ஓடுகிறது: மனநலத் திட்டம் சுகாதார அமைச்சகத்திடம், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் போதை மறுவாழ்வு மையங்களுக்கான மானியம் சமூகநீதி அமைச்சகத்திடம். குரல்கள் கேட்பதால் குடிப்பவரை ஒரு கதவு "குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று அனுப்பும். மறு கதவு "மனநோய்க்கு முதலில் மருந்து எடுங்கள்" என்று அனுப்பும். இரண்டு நோயும் ஒருசேர இருப்பது இத்துறையில் அன்றாடக் காட்சி என்பதால், மானிய விதிகளிலேயே இருவகை நோயாளிகளையும் ஒரே இடத்தில் ஏற்கும்படி நிபந்தனை எழுதுவதுதான் முறை.

புதுப்பணம் வரும்போது பழைய பணம் சத்தமில்லாமல் விலகிக்கொள்வதும் உண்டு. 1998இல் அமெரிக்காவின் 46 மாநிலங்கள் புகையிலை நிறுவனங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி முதல் 25 ஆண்டுகளில் 206 பில்லியன் டாலர் கிடைக்கவிருந்தது; எதற்குச் செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாததால் அதில் மிகச் சிறு பங்கே புகைப்பழக்கத் தடுப்புக்குப் போனது. அந்தப் பாடத்தை நினைவில் வைத்தே, அண்மையில் ஓபியாய்ட் எனப்படும் அபினி வகை வலிநிவாரணிகள் தொடர்பாக மருந்து நிறுவனங்கள் மீது நடந்த வழக்குகளில் கிடைத்த இழப்பீட்டுக்குச் செலவு நிபந்தனைகள் எழுதினார்கள். நிபந்தனை இருந்தும் பழைய ஒதுக்கீடு குறையலாம் என்பதால், புதிய தொகை முன்பிருந்ததற்கு மேலாகத்தான் வரவேண்டும் என்று அடிப்படை ஆண்டைக் குறிப்பிட்டு எழுதாத எந்த உறுதிமொழியையும் நம்புவதற்கில்லை. பொறுப்பைக் கீழே தள்ளிவிடுவதிலும் இதே ஆபத்துதான். இங்கிலாந்தில் 2013இல் போதை சிகிச்சை உள்ளாட்சிகளின் கைக்கு மாறியது. அதற்கான பொது சுகாதார மானியம் பின்னர் வெட்டப்பட்டபோது முதலில் அடிவாங்கிய சேவைகளில் இதுவும் ஒன்று. அரசு கேட்டுக்கொண்டபடி மருத்துவர் டேம் கேரல் பிளாக் 2021இல் அளித்த மறுஆய்வு அறிக்கை நிலைமையைக் கடுமையாக விவரித்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் மூன்றாண்டுகளுக்கு 780 மில்லியன் பவுண்டு அறிவித்தார்கள். கலைந்துபோன ஊழியர்களை மீண்டும் திரட்டிப் பயிற்றுவிக்க வேண்டிய செலவும் அதற்குள் சேர்ந்துகொண்டது.

கடைசியாக, எதை எண்ணுவது என்பது. நடத்திய முகாம்கள், பேரணியில் நடந்தவர்கள், வழங்கிய துண்டறிக்கைகள் என்று எண்ணினால் அவைதான் பெருகும். சரி, குணமானவர்களுக்கு மட்டும் பணம் என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கிலாந்து 2012 முதல் எட்டுப் பகுதிகளில் அதைச் சோதித்துப் பார்த்தது. சிகிச்சையை முழுமையாக முடிப்பவர்களின் விகிதம் அங்கே மற்ற பகுதிகளைவிடக் கூடவில்லை, குறையவே செய்தது. தேறுவார் என்று தோன்றுபவரை மட்டும் சேர்த்துக்கொள்ளவும் இத்தகைய ஏற்பாடு தூண்டும். இரண்டுக்கும் நடுவே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தொண்ணூறாம் நாளும் ஓராண்டு முடிவிலும் தொடர்பில் இருக்கிறார்கள், மீண்டும் குடித்துவிட்டு வந்தவர்களில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்படாமல் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள், எந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை என்ற மூன்று கேள்விகளை மானியப் படிவத்தில் சேர்க்கலாம். இவற்றுக்கு விடையெழுத மையத்தில் ஏற்கெனவே இருக்கும் வருகைப் பதிவேடும் மருந்து இருப்பேடும் போதும்.