ஃபாத்தாலுக்கு மொழி: தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீமோர் லெஸ்தேயின் கிழக்குக் கோடியில், லோஸ்பாலோஸ், துத்துவாலா பக்கம் பேசப்படும் மொழி ஃபாத்தாலுக்கு. இதை அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றான தேத்துமின் வட்டார வழக்கு என்று நினைப்பதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. தேத்தும், மலாய் போன்றவை அடங்கிய ஆஸ்திரோனேசியக் குடும்பத்து மொழி; ஃபாத்தாலுக்கு அந்தக் குடும்பத்தைச் சேராத பப்புவ மொழிகளில் ஒன்று. பக்கத்து மக்காசாயே, மக்கலேரோ, இந்தோனேசியாவின் கிசார் தீவில் பேசப்படும் ஒயிராத்தா ஆகியவையே இதன் நெருங்கிய உறவுகள்.

எண்கள் இந்தக் குழப்பத்தை வளர்க்கும். லிமே (5), ஃபித்து (7), சிவா (9) மூன்றும் தேத்துமின் லிமா, ஹித்து, சியாவை ஒத்திருப்பதால், மற்றவற்றையும் ஊகித்துச் சொல்லத் தோன்றும். ஆனால் உக்கனி (1), எச்சே (2), உத்துவே (3), காஃபா (8) எதற்கும் தேத்தும் உதவாது. ஒன்று முதல் பத்து வரை தனியாகவே மனப்பாடம் செய்யுங்கள்.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் பழக்கத்தில் உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வரும் க, த, ப குழைந்து ஒலிக்கும். ஃபாத்தாலுக்குவின் சொந்தச் சொற்களில் அந்தக் குழைந்த ஒலிகள் இல்லை. நான்கைக் குறிக்கும் சொல்லை ‘ஃபதே’ என்று எழுதிவைத்தால், மறுநாள் ‘பாதை’யில் வரும் ‘த’வாகப் படிப்பீர்கள். ‘ஃபத்தே’ என்றே எழுதுங்கள். ஆனால் இரட்டித்து அழுத்தாமல், ‘த’வைக் குறுக்கிச் சொல்லுங்கள். பத்துக்கான ‘தாஅனு’வில் இரண்டு அகரங்களுக்கு நடுவே தொண்டை ஒரு கணம் அடைபட்டுத் திறக்கும். அதை ‘தானு’ என்று இழுத்தால் சொல்லே சிதைந்துவிடும்.

போர்ச்சுகீசியம் வழியாகத் தொகுத்த சொற்பட்டியல்களில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கும். ஃபாத்தாலுக்குவில் கேட்பவரையும் சேர்த்தால் அஃபி, விலக்கினால் இனி. தமிழருக்கு இது பழகிய வேறுபாடுதான், பட்டியலை நம்பி அதை இழக்க வேண்டாம்.

வினைச்சொல் கடைசியில் வருவதும் நமக்குச் சாதகம். தேத்தும் படித்துவிட்டு வருபவர்கள் வினையைச் செயப்படுபொருளுக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள். நாம் வேறு இடத்தில் சறுக்குவோம்: ‘வந்தேன்’ என்பதுபோல் ஆளைக் காட்டும் விகுதி இங்கே வினையில் இல்லை. ஆகவே பழகும்வரை அனி (நான்), தாவி (அவர்) போன்ற சொற்களை விடாமல் சொல்லுங்கள்.

லோஸ்பாலோஸ் அடங்கிய லவுத்தெம் பகுதி முழுவதும் இதே மொழி என்றும் எண்ணாதீர்கள். அங்குள்ள இலியோமாரில் பேசுவது மக்கலேரோ. வாய் திறக்குமுன் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயக்கமாக இருந்தால் தேத்துமில் ‘போன்தியா’ என்று காலை வணக்கம் சொல்லலாம். நன்றிக்கு ஆண் ‘ஒப்ரிகாது’, பெண் ‘ஒப்ரிகாதா’ என்பார். சொல்பவரின் பாலைப் பொறுத்தே முடிவு மாறும், கேட்பவருடையதைப் பொறுத்து அல்ல.