இரும்பைத் துளைக்க டிரில் பிட் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஹார்டுவேர் கடையில் தங்க நிறத்தில் மின்னும் டிரில் பிட் செட்டைப் பார்த்தால் கை தானாக அங்கே போகும். பிளாஸ்டிக் பெட்டி, ஒரு டஜன் பிட், சல்லிசான விலை. அந்தத் தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. நல்ல பிட்டிலேயே அதன் கனம் சில மைக்ரான்தான். உள்ளே தரமான எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல், சூட்டைத் தாங்கும் வெட்டுக்கருவி எஃகு) இருந்தால் பூச்சு உராய்வைக் குறைத்து ஆயுளைக் கூட்டும். உள்ளே மட்டமான எஃகு என்றால் பூச்சு அதைக் காப்பாற்றாது. ஒருமுறை சாணை பிடித்தால் முனையிலிருந்து அதுவும் போய்விடும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, தண்டில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். எச்.எஸ்.எஸ். என்றோ எம்35 (கோபால்ட் கலந்த ரகம்) என்றோ எதுவுமே இல்லாத பிட்டை நான் இரும்புக்கு வாங்கமாட்டேன்.

இரும்பில் பிட் பெரும்பாலும் சாவது சூட்டில்தான். சாதாரண கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே கடினத்தை இழக்கத் தொடங்கிவிடும்; எச்.எஸ்.எஸ். 600 டிகிரி அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். கோபால்ட் கலந்தது இன்னும் கொஞ்சம் மேலே. எம்35 என்றால் சுமார் 5 சதவீதம் கோபால்ட், எம்42 என்றால் 8 சதவீதம். இது மேல்பூச்சு கிடையாது, எஃகோடு சேர்த்து உருக்கியது. அதனால் எத்தனை முறை சாணை பிடித்தாலும் குணம் மாறாது.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் கோபால்ட்டே வாங்கிவிடலாமா? வேண்டாம். கோபால்ட் பிட் கொஞ்சம் நொறுங்கும் சுபாவம் உள்ளது. 2, 3 மில்லிமீட்டர் பிட்டைக் கைடிரில்லில் போட்டுக் கை சற்றுக் கோணினால் படக்கென்று ஒடியும். ஜன்னல் கிரில், எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) ஆங்கிள், பட்டை போன்ற வேலைக்குச் சாதாரண எச்.எஸ்.எஸ். போதும். முழுக்க கார்பைடால் (மிகக் கடினமான, ஆனால் எளிதில் நொறுங்கும் பொருள்) செய்த பிட் கைடிரில்லுக்கு ஆகவே ஆகாது. சுவரைத் துளைக்கும் கான்கிரீட் பிட்டையும் இரும்பில் வைக்காதீர்கள். அதன் முனை கல்லை நொறுக்குவதற்கானது. இரும்பில் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். டிரில்லின் ஹேமர் மோடை (சுவருக்காகக் குத்திக்கொண்டே சுழலும் அமைப்பு) அணைக்க மறந்தாலும் வெட்டுமுனை தெறித்துவிடும்.

கோபால்ட் உண்மையிலேயே தேவைப்படுவது எஸ்.எஸ்.ஸில், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். 304 ரகக் குழாயையோ தகட்டையோ அதிக வேகத்தில், லேசாக மட்டும் அழுத்தித் துளைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சீவல் வருவது நின்று கீச்சென்று சத்தம் வரும். குழிக்குள் எட்டிப் பார்த்தால் அடிப்பாகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். வெட்டுப்படாமல் தேய்பட்ட எஸ்.எஸ். அந்த இடத்தில் இறுகிவிட்டது. மழுங்கிய அதே பிட்டை வைத்து இன்னும் அழுத்துவதில் பயனில்லை. கூரான கோபால்ட் பிட், குறைந்த வேகம், விடாத அழுத்தம், கட்டிங் ஆயில். அல்லது மறுபக்கத்திலிருந்து துளையுங்கள்.

வேகக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. மைல்ட் ஸ்டீலுக்கு எச்.எஸ்.எஸ். பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவில் ஓடலாம். 5 மில்லிமீட்டர் பிட்டுக்கு அது சுமார் 1,600 சுற்று. 10 மில்லிமீட்டருக்கு 800தான். எஸ்.எஸ். என்றால் அதிலும் பாதிக்குக் கீழே. சாதாரணக் கைடிரில்லின் முழு வேகம் 2,500க்கு மேல் இருக்கும். டிரிகரை முழுக்க அழுத்திப் பெரிய பிட்டை ஓட்டினால் எம்35 கூட எரிந்து நீலம் பாயும். வேகம் சரியாக இருந்தால் சீவல் சுருள் சுருளாக வரும். தூளாக வந்தால் முனை மழுங்கியிருக்கலாம், அல்லது அழுத்தம் போதவில்லை. சூடேறிய பிட்டைத் தண்ணீரில் முக்கும் பழக்கமும் வேண்டாம், விரிசல் விடும். தானாக ஆறட்டும்.

முனைக் கோணம் இன்னொன்று. 118 டிகிரி முனை வழுவழுப்பான தகட்டில் வழுக்கி ஓடும். அதற்கு முதலில் சென்டர் பஞ்ச் (கூர்முனைக் கம்பி) வைத்துச் சிறு குழி அடித்தாக வேண்டும். 135 டிகிரி ஸ்பிளிட் பாயிண்ட் முனை (நுனியும் வெட்டும்படி தீட்டியது), வைத்த இடத்திலேயே கடிக்கும். கைடிரில் மட்டும் வைத்திருப்பவர்கள் இதையே கேட்டு வாங்கலாம். பெரிய துளை என்றால் முதலில் 3 அல்லது 4 மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் கவ்வுங்கள். பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில்தான் தகடு சிக்கிச் சுழலும், பிட்டும் அப்போதுதான் ஒடியும். கையுறையையும் கழற்றிவிடுங்கள், சுழலும் பிட் அதைச் சுருட்டி இழுத்துவிடும்.

பெரிய செட்டில் பாதி அளவுகள் பெட்டியிலேயே துருப்பிடிக்கும். அதே காசுக்கு உங்களுக்கு வேண்டிய அளவுகளை மட்டும் நல்ல பிராண்டில் தனித்தனியாக வாங்கலாம். டேப் போடுகிறவர்களுக்கு, அதாவது துளைக்குள் மரை வெட்டுகிறவர்களுக்கு, எம்5 போல்ட்டுக்கு (இங்கே எம் என்பது மரையின் அளவு) 4.2, எம்6க்கு 5, எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5 மில்லிமீட்டர். அடிக்கடி ஒடியும் சிறிய அளவுகளில் மட்டும் இரண்டிரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.