பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை: முதல் நாள் பயிற்சியிலிருந்து இரண்டு குரல் வரை

கலைத் திருவிழாவுக்கோ ஆண்டு விழாவுக்கோ குழுப்பாடல் தயார் செய்யும் பள்ளிகளில் அதிகம் கேட்கும் கட்டளை "சத்தமாப் பாடுங்க" என்பதுதான். சேர்ந்திசையைக் கெடுப்பதும் அதுதான். கத்தும் பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளையின் குரல் காதில் விழாது. தொண்டையை இறுக்கிக் கத்தும்போது மேல் ஸ்வரங்களும் எட்டாமல் சுருதி இறங்கும். ஆகவே இந்தச் செய்முறை முழுக்க ஒரே விதியின் மேல் நிற்கிறது: பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்கும் அளவுக்குத்தான் பாட வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடுவது புதிதல்ல. தெருக்கூத்தில் பின்பாட்டு உண்டு. நடவிலும் கும்மியிலும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஆனால் கூத்துக் குரல் திறந்தவெளியில் கடைசி வரிசை வரை எட்டுவதற்காகப் பழக்கிய குரல். ஒவ்வொரு குரலும் தனித்துத் தெரிய வேண்டும் என்பது அங்கே நியாயம். சேர்ந்திசையில் எந்தக் குரலும் தனித்துத் தெரியக் கூடாது. இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

6 முதல் 8ஆம் வகுப்பு வரை 24 பிள்ளைகள் போதும். வாரம் இரண்டு பீரியட், தலா 40 நிமிடம். சுருதிப் பெட்டி, இல்லாவிட்டால் போனில் ஒரு தம்புரா ஆப்பும் சின்ன ஸ்பீக்கரும். கீபோர்டு இருந்தால் ஸ்வரம் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முழுவதும் கூடவே வாசித்தால் பிள்ளைகள் அதன் மேல் சாய்ந்துகொண்டு பாடுவார்கள். நிறுத்தினால் குழு சரிந்துவிடும். டிரம்ஸ் இப்போதைக்கு வேண்டாம். கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலைக்கு ஒட்டிய பள்ளி என்றால் சாலைப் பக்கம் இல்லாத அறையைக் கேட்டு வாங்குங்கள். ஹாரன் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகினால் கத்தல் தானாக வந்துவிடும்.

படி 1: குரல் பார்ப்பது

ஒவ்வொருவரையும் இரண்டு நிமிடம் தனியாகக் கேளுங்கள். யாரையும் கழிப்பதற்கு அல்ல, எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள. நீங்கள் பிடிக்கும் ஸ்வரத்தைப் பிடிக்க முடியாமல் கீழே ஒரே இடத்தில் முணுமுணுக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். "சுருதி இல்லை" என்று முத்திரை குத்தாதீர்கள். அந்தப் பிள்ளை எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ அங்கே முதலில் நீங்கள் போய்ச் சேருங்கள். இரண்டு குரலும் ஒன்றானால் எப்படி இருக்கும் என்பது அதற்குத் தெரிந்த பிறகு அரை ஸ்வரமாக மேலே ஏற்றுங்கள். "ஊ" என்று ஆம்புலன்ஸ் சைரன் போலக் கீழிருந்து மேலே வழுக்கிப் போகச் சொன்னால், மேல் குரல் இருப்பதே பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியும்.

குரல் உடையும் பையன்கள் தனிக் கணக்கு. 12 முதல் 15 வயதுக்குள் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு "ச"விலிருந்து அடுத்த "ச" வரையுள்ள தூரம்) இறங்கும். நடுவில் சில மாதம் ஐந்தாறு ஸ்வரம்தான் ஒழுங்காக வரும். அவர்களை வெளியே அனுப்பாதீர்கள், மேலே இழுக்கவும் வேண்டாம். அவர்களுக்கு வேலை படி 5இல் இருக்கிறது.

படி 2: சுருதி வைப்பது

அதிகம் சறுக்குவது இங்கேதான். வாத்தியார் தன் குரலுக்கு 1 கட்டை ("ச"வைக் கீபோர்டின் சி-யில் வைப்பது) வைத்துப் பாடுவார். பிள்ளைகளில் பாதிப் பேர் அவரோடு சேர்ந்து கீழே இறங்கப் பார்ப்பார்கள். மீதிப் பேர் மேல் ஸ்தாயியில் பாடுவார்கள். இந்த வயதுக் குரலுக்குக் கீபோர்டில் நடு சி-யிலிருந்து அடுத்த ஸ்தாயியின் டி வரை சிரமம் இல்லாத எல்லை. கீழே தரும் பயிற்சி சட்ஜமத்திலிருந்து (ச) தைவதம் (த) வரைதான் போகிறது, அதனால் 3 கட்டை (இ) சரியாக இருக்கும். மேல் சட்ஜமம் வரை போகும் பாட்டுக்கு 2 கட்டைக்கு (டி) இறக்குங்கள். ஆண் ஆசிரியர் என்றால், சுருதி சேரும் ஒரு பிள்ளையை முதலில் பாடவிட்டு அந்தக் குரலை மற்றவர்கள் பிடிக்கட்டும்.

காலை அசெம்பிளிக்கும் இதே கவனம் வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து மோகன ராகத்தில், திஸ்ர (மூன்று எண்ணிக்கை) தாளத்தில் 55 விநாடியில் பாட வேண்டியது. சுருதி கொடுக்காமல் யாரோ ஒருவர் உயரத்தில் எடுத்துவிட்டால் நடுவில் மூச்சு முட்டும், உடனே வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். ஐந்து விநாடி தம்புராவைக் கேட்கவிட்டுத் தொடங்கினாலே பாதி சரியாகும்.

படி 3: ஐந்து நிமிடம் குரல் பழக்குதல்

நிமிர்ந்து நின்று, தோள் தூக்காமல் நான்கு எண்ணிக்கைக்கு மூச்சு வாங்கி, "ஸ்ஸ்" என்று எட்டு எண்ணிக்கைக்கு விடட்டும். அடுத்தடுத்த வாரங்களில் அது 12, 16 ஆகலாம். பிறகு உதட்டை அதிரவிட்டு "ப்ர்ர்", வாயை மூடி "ம்ம்". ஓசூரில் மார்கழிக் காலையில் தொண்டை இளக நேரமாகும். "ம்ம்"மை இன்னும் ஐந்து நிமிடம் நீட்டுங்கள்.

படி 4: ஒரே குரலில் ஒரு குறள்

இந்தக் குறளின் மெட்டும் மோகன ராகம்தான். மோகனத்தில் மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லை, அதனால் பக்கத்துப் பக்கத்தில் அரை ஸ்வர இடைவெளியே வராது. புதிதாகப் பாடும் காதுக்கு இது பெரிய சௌகரியம். ஹங்கேரியின் சோல்தான் கோடாய் (1882–1967) பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுத்த முறையிலும் ஐந்து ஸ்வரப் பாட்டுகளுக்குத்தான் முதலிடம்.

ஆதி தாளம் (4+2+2, மொத்தம் எட்டு எண்ணிக்கை), நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை. "," என்றால் முன் ஸ்வரத்தை இன்னும் ஒரு எண்ணிக்கை நீட்டுவது:

ச ரி க ரி | ச ரி | க ,
கற்க கசடறக் | கற்பவை | கற்றபின்

க ப த ப | க ப | – –
நிற்க அதற்குத் | தக | (மூச்சு)

ஒரு சீருக்கு இரண்டு எண்ணிக்கை. முதல் அடியின் நான்கு சீர் எட்டு எண்ணிக்கையை நிரப்பிவிடும். இரண்டாம் அடியில் மூன்று சீர்தான், ஆகவே கடைசி இரண்டு எண்ணிக்கை மூச்சுக்கு. வள்ளுவரே இடம் விட்டுவைத்திருக்கிறார்! முதலில் ஸ்வரமாக, பிறகு "ஆ"வில், கடைசியில்தான் சொல்லோடு பாட வையுங்கள். தாளம் எல்லோர் கையிலும் இருக்கட்டும்.

சொல்லுக்கு வரும்போது உச்சரிப்பு சிதறும். இந்தப் பக்கத்து வகுப்பறையில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆளுக்கொரு மாதிரி வாய் திறந்தால், சுருதி சரியாக இருந்தும் குழு கலங்கலாகக் கேட்கும். "கற்க"வில் உயிரை நீட்டி, "ற்"ஐக் கடைசியில் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். "பின்" என்பதில் "இ"யில் நின்று, எட்டாவது எண்ணிக்கையில் உங்கள் கை மூடும்போது "ன்" வரட்டும். 24 பேரும் ஒரே கணத்தில் மெய்யெழுத்தை முடிக்க இரண்டு வாரம்கூட ஆகலாம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 5: சட்ஜமம் பிடிப்பது

ஆறு பேர் "ச"வை மட்டும் "ம்ம்" என்று பிடித்திருக்க, மற்றவர்கள் குறளைப் பாடட்டும். குரல் உடைந்த பையன்களுக்கு இதுதான் இடம்; அவர்கள் கீழ் ஸ்தாயியில் பிடிக்கலாம். பக்கத்தில் நிற்கும் இருவர் ஒரே நேரத்தில் மூச்சு வாங்காமல் பார்த்துக்கொண்டால் ஸ்வரம் அறுபடாது.

படி 6: துரத்திப் பாடுவது

குழுவை இரண்டாகப் பிரியுங்கள். முதல் குழு "நிற்க" எடுக்கும்போது இரண்டாம் குழு "கற்க" எடுக்க வேண்டும். மேலே உள்ள ஸ்வரங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: ச–க, ரி–ப, க–த. மோகனத்தில் ஒரு ஸ்வரம் விட்டு அடுத்ததைப் பிடித்தால் எந்த ஜோடியும் உரசாது. நீங்களே புதிதாக இரண்டாம் குரல் எழுதும்போதும் இந்த வழி உதவும். எல்லா ராகத்துக்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள். அரை ஸ்வர இடைவெளிகள் உள்ள மாயாமாளவகௌளை ராகத்தில் இதே வேலை கடிக்கும்.

மூன்று சுற்று முடிந்ததும் நீங்கள் கை காட்ட, எல்லோரும் "ச"வில் வந்து நிற்கட்டும்.

ஒரு குழு மற்றதன் பின்னாலேயே ஓடினால் படி 4க்குத் திரும்புங்கள்; பாட்டு இன்னும் மனதில் பதியவில்லை என்று அர்த்தம். காதைப் பொத்திக்கொண்டு பாட மட்டும் அனுமதிக்காதீர்கள். அப்படிப் பழகியவர்களுக்குச் சேர்ந்திசை கடைசிவரை வராது.

இங்கிருந்து மேலே போக நினைத்தால், சென்னையில் எம்.பி. சீனிவாசன் தொடங்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழுவின் பதிவுகளைப் பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுங்கள். இந்திய மெட்டில் பல குரல் எப்படி உட்கார்கிறது என்பது விளங்கும்.

படி 7: மேடை

இரண்டு வரிசை, லேசான வளைவு. சுருதி நிற்கும் பிள்ளைகள் பின் வரிசை நடுவில்; தடுமாறுபவர்கள் அவர்களுக்கு முன்னால், அப்போதுதான் சரியான குரல் பின்னாலிருந்து காதில் விழும். பெருங்குரல் பிள்ளைகள் ஓரத்தில். நான்கு பேர் கையில் மைக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 24 பேர் உழைத்துவிட்டு ஸ்பீக்கரில் நான்கு பேர் மட்டும் கேட்பார்கள். ஸ்டாண்டில் இரண்டு மைக், முன் வரிசைக்கு ஒரு மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலே. மைக் செட்காரர் எக்கோவை ஏற்றியே வைத்திருப்பார்; அதை முழுக்கக் குறைக்கச் சொல்லி, பிள்ளைகளை ஏற்றி ஒருமுறை பாட வைத்துப் பார்த்த பிறகு நிகழ்ச்சியைத் தொடங்குங்கள்.