கையில் அளந்த அழுத்தம் மூளையின் அழுத்தம் அல்ல: தோள் அறுவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோள்பட்டைத் தசைநார் கிழிந்து ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் மூட்டு அறுவை) செய்துகொள்ளப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கையை எப்போது தூக்க முடியும்?” என்பதுதான். மூளையைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. கத்தி படும் இடத்துக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றுவது இயல்பே. தொடர்பு இருக்கிறது. பல தோள் அறுவைகளில் நோயாளியைப் படுக்க வைப்பதில்லை, உட்கார வைக்கிறார்கள். கடற்கரைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பது போல இருப்பதால் இதற்கு ‘பீச் சேர்’ நிலை என்றே பெயர். 1980களின் இறுதியிலிருந்து பரவலாகப் பயன்படும் இந்த முறை அறுவை மருத்துவருக்கு மிக வசதியானது. மூட்டு இயல்பான வாக்கில் தெரியும், கையின் எடையே மூட்டைச் சற்று விரித்துக் கொடுக்கும். மூளைக்கு மட்டும் அது அவ்வளவு வசதியான நிலை அல்ல.

விழித்திருக்கும் நாம் படுக்கையிலிருந்து எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று வேகமெடுத்து, மூளைக்குப் போக வேண்டியதைப் போக வைக்கும். பொது மயக்கம் இந்தத் தற்காப்பை மழுங்கடித்துவிடுகிறது. இந்த நிலையில் தோள் அறுவை செய்துகொண்ட நான்கு பேருக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் ரத்தக்குறைவால் நேர்ந்த கடும் பாதிப்பு 2005இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. மயக்கவியல் உலகம் விழித்துக்கொண்டது அதன் பிறகுதான். 2010இல் வெளியான ஓர் ஆய்வு 124 நோயாளிகளை ஒப்பிட்டது. உட்கார்ந்த நிலையில் இருந்தவர்களில் சுமார் 80 சதவீதத்தினருக்கு மூளைத் திசுவின் ஆக்ஸிஜன் அளவு குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. பக்கவாட்டில் படுத்திருந்தவர்களில் ஒருவருக்குக்கூட இறங்கவில்லை. இப்படி இறங்கியவர்கள் எல்லோருக்கும் நிரந்தரக் கேடு வருவதில்லை, பெரும் பாதிப்பு அரிதானது. ஆனால் வந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு அது. அதனால்தான் சிறு தவறுகளையும் இங்கே பொருட்படுத்த வேண்டியிருக்கிறது.

மானிட்டரில் தெரியும் எண்ணை அப்படியே நம்புவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான் என்பேன். ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் கட்டுகிறோம். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கிறது, மூளையோ அதற்கு மேலே. உயரம் ஒவ்வொரு சென்டிமீட்டர் கூடும்போதும் அழுத்தம் ஏறக்குறைய 0.77 மி.மீ. (பாதரச அளவு) குறைகிறது. மேல்தளத் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் மூன்றாம் மாடிக் குழாயில் மெல்லியதாகத்தான் வரும் என்பது நாம் வீட்டில் காணும் கணக்கு. அதே கணக்குதான் இது.

கையில் 90/60 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ் எண்ணோடு இரண்டுக்குமான இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சராசரி அழுத்தம் 70. பட்டையிலிருந்து காது மட்டம் 25 செ.மீ. உயரத்தில் இருந்தால், மூளையின் அடிப்பகுதியை அடைவது 51 மட்டுமே. திரையில் ‘கொஞ்சம் குறைவு’ என்று தெரிவது, மேலே ஆபத்தின் விளிம்பு.

இதைவிடக் கொடியது கெண்டைக்காலில் பட்டை கட்டுவது. அறுவை நடக்கும் கையில் அளக்க முடியாது. மறு கையில் டயாலிசிஸ் குழாய் இணைப்பு இருக்கலாம், அல்லது மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கலாம். அப்போது காலுக்குப் போகிறார்கள். காலுக்கும் காதுக்கும் 80 செ.மீ. இடைவெளி இருந்தால் வித்தியாசம் 60 மி.மீ.யைத் தாண்டும். காலில் சராசரி 110 என்று நிம்மதியாகத் தெரியும்போது மூளைக்குக் கிடைப்பது 50கூட இல்லை. வேறு வழியே இல்லாமல் காலில் அளந்தால் இந்தக் கழித்தலை ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும். தமனியில் ஊசி போட்டு நேரடியாக அளக்கும்போது அளவியைக் காது மட்டத்தில் வைத்து, அங்கே பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வது நல்ல பழக்கம்.

பட்டினியை நீட்டுவது

“நாளைக்கு ஆபரேஷன், இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது” என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. அறுவை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளிப்போனால் பதினாறு மணி நேரம் வறண்ட உடலோடு ஒருவர் வந்து சேருகிறார். அவரைத் தூங்க வைத்து நிமிர்த்தினால் அழுத்தம் சரியாமல் என்ன செய்யும்? இயல்பான செரிமானம் உள்ளவர்கள் மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த தண்ணீர் குடிக்கலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். பால் சேர்த்த காபி, மோர், கஞ்சி ஆகியவை தெளிந்த திரவம் ஆகா. பாலுக்கு ஆறு மணி நேரக் கணக்கு. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும். அவர்களுக்கு மருத்துவர் தனியாகச் சொல்லும் நேரமே கணக்கு.

இதோடு சேர்ந்தது ரத்த அழுத்த மாத்திரை. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் போன்றவற்றை அன்று காலை விழுங்கிவிட்டு வந்தால், மயக்கத்தில் அழுத்தம் சட்டென்று விழுந்து எளிதில் எழாமல் போகலாம். பெரும்பாலும் முந்தைய நாளிலிருந்தே நிறுத்தச் சொல்வார்கள். மெட்டோபுரோலால் போன்றவற்றை நிறுத்தினால் அதுவே கேடு. எதை விடுவது, எதைத் தொடர்வது என்று மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் சலைன் என்று நினைப்பது

வறட்சியால் இறங்கிய அழுத்தம் திரவத்தால் ஏறும். மயக்க மருந்தால் குழாய்கள் தளர்ந்து இறங்கிய அழுத்தத்துக்குத் திரவம் பாதி மருந்துதான். அப்போது தேவை குழாயை இறுக்கும் மருந்து, கால்களை இறுக்கிப் பிடிக்கும் பட்டை, முதுகை ஒரேயடியாக நிமிர்த்தாமல் படிப்படியாக நிமிர்த்தும் பொறுமை. இதை மறந்து பாட்டில் மேல் பாட்டிலாக ஏற்றினால் ரத்தம் நீர்த்து, அது சுமக்கும் ஆக்ஸிஜன் குறையும். முதியவரின் நுரையீரலில் நீர் கோக்கும். மூளையைக் காக்கப் போய் அதற்கான ஆக்ஸிஜனையே குறைத்த கதையாகிவிடும்.

எந்தத் திரவம் என்பதும் முக்கியம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது ‘குளுக்கோஸ் பாட்டில்’, தெம்பு தரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. அதிலுள்ள சர்க்கரையை உடல் எரித்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது சோடியத்தைக் குறைத்து மூளைச் செல்களுக்குள் புகுந்து வீங்க வைக்கும். ரத்தக்குறைவால் தவிக்கும் மூளைக்குக் கூடுதல் சர்க்கரையும் தீங்குதான். ரத்தத்தின் உப்பளவை ஒத்த திரவங்களே இங்கே பொருத்தம்.

மூட்டைக் கழுவ மூன்று லிட்டர் பைகளில் ஓடும் திரவத்தைச் சிலர் இந்தக் கணக்கில் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது நாளத்துக்குள் போகும் திரவம் அல்ல. ஒரு பகுதி திசுக்களில் கசிந்து கழுத்துவரை வீங்கச் செய்யும், மூச்சுக்குழாயையே நெருக்கவும் கூடும். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். குளிர்ந்த திரவமாக இருந்தால் உடல் வெப்பமும் இறங்கும்.

தெளிவான காட்சிக்காக அழுத்தத்தை இறக்குவது

ரத்தம் கசிந்தால் கேமராவில் ஒன்றும் தெரியாது. “பிரஷரைக் கொஞ்சம் குறையுங்கள்” என்று அறுவை மருத்துவர் கேட்பது அதனால்தான். அவர் தேவை நியாயமானது. ஆனால் நெடுநாள் உயர் அழுத்தம் உள்ளவரின் மூளை அந்த உயர்ந்த அளவுக்கே பழகியிருக்கும். மற்றவருக்குப் போதுமான அளவு அவருக்குப் பஞ்சம். வழக்கமான அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்க விடாமல் இருப்பதே நான் ஏற்கும் எல்லை. கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம், கழுவும் திரவத்தில் சிறிது அட்ரினலின் என்று வேறு வழிகள் உள்ளன. மூளையின் பங்கை வெட்டிக் காட்சியை வாங்க வேண்டியதில்லை.

செயற்கைச் சுவாசத்தை அளவுக்கு மீறி வேகமாகக் கொடுப்பதும் கண்ணுக்குத் தெரியாத தவறு. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். நெற்றியில் ஒட்டும் ஆக்ஸிஜன் உணரி இருந்தால் இவையெல்லாம் முன்கூட்டியே தெரியும். இல்லாத இடத்தில் கழித்தல் கணக்கை விட்டுவிடக் கூடாது.

எழுந்த பிறகு ‘இன்னும் மயக்கம் தெளியவில்லை’ என்று விட்டுவிடுவது

வலி தெரியாமலிருக்கக் கழுத்தில் மரப்பு ஊசி போட்டிருப்பார்கள். அதனால் அந்தக் கை பல மணி நேரம் அசையாது. அந்தப் பக்கத்து இமை சற்றுத் தொங்கி, கண்பாவை சிறுத்திருப்பதும் ஊசியின் விளைவே, தானே சரியாகும். கையைப் பார்த்துப் பக்கவாதத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் கண்காணிக்க வேண்டியது வேறு இடங்களை. இரண்டு கால்களையும் தூக்கச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள், பெயரையும் ஊரையும் கேளுங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கால் தளர்ந்தாலோ, எதிர்பார்த்த நேரத்தில் கண் திறக்காவிட்டாலோ, செவிலியரை அந்த நிமிடமே அழைத்துவிடுங்கள்.