ஒரு போன், நாற்பது பிள்ளைகள்: தமிழ் வகுப்பில் கருவிகளைப் பயன்படுத்துவது எப்படி?

மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை தமிழ் நடத்துபவர்களுக்கான குறிப்புகள் இவை. ஆசிரியர் கையில் ஓர் ஆண்ட்ராய்டு போன், பள்ளியில் இரண்டு மூன்று கணினிகள், விட்டு விட்டு வரும் இணையம், இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறோம். ஸ்மார்ட் போர்டு இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன. அதனாலோ என்னவோ, தொழில்நுட்பம் என்றாலே வீடியோ போட்டுக் காட்டுவது என்றாகிவிட்டது. வீடியோ பார்க்கும் பிள்ளை வாயையும் திறப்பதில்லை, பென்சிலையும் தொடுவதில்லை. மொழிப் பாடத்துக்கு உதவுவது, பிள்ளை தன் பிழையைத் தானே கேட்கவும் பார்க்கவும் வைக்கிற கருவிதான். அப்படிப் பார்த்தால் போனோடு சும்மா வரும் குரல் பதிவுச் செயலிக்குத்தான் முதலிடம்.

வாசிப்பைப் பதிவு செய்தல்

இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து 60 முதல் 80 சொற்கள் உள்ள ஒரு பத்தியை எடுங்கள். நடத்திய பாடமென்றால் பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து பேர் போதும். நாற்பது பேர் வகுப்பு எட்டு நாளில் முடிந்துவிடும்.

போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கன்னத்துப் பக்கமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். வாய்க்கு நேரே பிடித்தால் மூச்சுக் காற்று மைக்கில் மோதி, சொல் ‘ப’வில் தொடங்கும்போதெல்லாம் ‘புஸ்’ என்று அடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மரத்தடி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பதிவில் காற்றுதான் இரையும். புத்தக அலமாரி உள்ள அறையின் மூலை நல்ல இடம். போனை ஃப்ளைட் மோடில் போட மறக்காதீர்கள். பாதி வாசிப்பில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். பதிவு முடிந்த கையோடு ‘6அ-17-ஜூலை’ என்பதுபோல் வகுப்பு, வரிசை எண், மாதம் போட்டுப் பெயர் வையுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எது யார் குரல் என்றே தெரியாமல் போகும்.

பதிவை இரண்டு முறை போட்டுக் காட்டுங்கள். முதல் முறை புத்தகம் மூடியிருக்கட்டும், பிள்ளை வெறுமனே கேட்கட்டும். இரண்டாம் முறை பத்தியின் நகலும் பென்சிலும் கையில் இருக்கட்டும்: விட்ட சொல்லுக்கு வட்டம், மாற்றிப் படித்த சொல்லுக்கு அடிக்கோடு, தவறான இடத்தில் நிறுத்தியதற்குச் சாய்கோடு. அதுவரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

அடிக்கடி வரும் சிக்கல் வேகம். பதிவு என்றதும் பல பிள்ளைகள் ஓட்டப்பந்தயம்போல் படிப்பார்கள். நேரத்தை அளக்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல், ‘இதை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கப் போகிறார்கள், அவர்களுக்குப் புரியணும்’ என்று மட்டும் சொல்லுங்கள். வேகம் தானாக மட்டுப்படும்.

சொல்லை எங்கே பிரிப்பது என்பதை உணர்த்த, இலக்கண உரைகளில் வரும் ‘செம்பொன்பதின்தொடி’யைப் பலகையில் எழுதுங்கள். ‘செம்பொன் பதின்தொடி’ என்று நிறுத்தினால் பொன், பத்துத் தொடி. ‘செம்பு ஒன்பதின்தொடி’ என்று நிறுத்தினால் செம்பு, அதுவும் ஒன்பதுதான். இருவரை ஆளுக்கொரு விதமாகப் பதிவு செய்யச் சொல்லி வகுப்புக்குப் போட்டுக் காட்டினால் ஏழாம் வகுப்புக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ல, ள, ழ பயிற்சிக்கு வலி, வளி, வழி; அலை, அளை, அழை போன்ற சொற்களை ஒரு பிள்ளை தான் விரும்பிய வரிசையில் சொல்லிப் பதிவு செய்யட்டும். இன்னொரு பிள்ளை கேட்டு எழுதட்டும். எழுதியது தவறென்றால் பிழை நாக்கிலா, காதிலா என்று பார்க்க வேண்டும். அதே சொற்களை உங்கள் குரலில் பதிந்து எழுதியவரிடம் போட்டுக் காட்டுங்கள். இப்போது சரியாக எழுதினால், பயிற்சி தேவைப்படுவது சொன்ன பிள்ளைக்கு. இப்போதும் தவறினால் எழுதிய பிள்ளைக்குக் கேட்கும் பயிற்சி வேண்டும்.

ர–ற, ந–ன வேறுபாட்டுக்கு இந்த முறையில் நேரத்தை வீணாக்காதீர்கள். பேச்சில் பெரும்பாலோருக்கு அவை ஒரே ஒலிதான். பெரியவர்களே பிரித்துச் சொல்வதில்லை. அவற்றை எழுத்துப் பயிற்சியாகவே நடத்துங்கள்.

பதிவுகளைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. திக்கிப் படித்த பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது. ஜூலைப் பதிவையும் டிசம்பர் பதிவையும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டிவிட்டு, ஆண்டு முடிவில் அழித்துவிடுங்கள்.

குரல் தட்டச்சு: எதற்கு ஆகாது, எதற்கு ஆகும்

கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக் குறியை அழுத்திப் பேசினால் எழுத்தாக விழும். பெரும்பாலான போன்களில் இதற்கு இணையம் வேண்டும். மொழி ஆங்கிலத்திலேயே இருந்தால் பேசிய தமிழ் பொருளில்லாத ஆங்கிலச் சொற்களாக வரும். பேசும் முன் அதைப் பாருங்கள். சில நொடி மௌனமானால் மைக் அணைந்துவிடும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

உச்சரிப்பைச் சோதிக்க இதைப் பயன்படுத்தவே கூடாது. ‘பளம் சாப்பிட்டேன்’ என்று பிள்ளை சொன்னாலும் அது பெரும்பாலும் ‘பழம் சாப்பிட்டேன்’ என்றே எழுதும். அடுத்தடுத்த சொற்களைப் பார்த்து ஊகிக்கும்படி செய்யப்பட்டது அது. தான் சொன்னது சரிதான் என்று பிள்ளை நம்பிவிடும்.

இது கைகொடுப்பது பேச்சை எழுத்தாக்கும் பயிற்சியில். வாயால் அழகாகக் கதை சொல்லும் பிள்ளை, எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நின்றுவிடுவது எல்லா வகுப்பிலும் உண்டு. அந்தப் பிள்ளையை ஒரு நிமிடம் பேசவிடுங்கள். திரையில் இப்படி வரும்:

நேத்து எங்க ஊர்ல தேர் இழுத்தாங்க நான் மாமா தோள்ல உக்காந்து பார்த்தேன்

இதைப் பலகையில் அப்படியே எழுதி, வகுப்பே சேர்ந்து திருத்தட்டும்:

நேற்று எங்கள் ஊரில் தேர் இழுத்தார்கள். நான் மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஏழு சொற்கள் மாறியிருக்கின்றன, இரண்டு முற்றுப்புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. முதல் வரியைத் ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். அது பேச்சு, இது எழுத்து. கதையில் மாமா பேசும் இடம் வந்தால் மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழ் அப்படியே இருக்கலாம் என்பதையும் இதே வகுப்பில் காட்டிவிடலாம்.

ஒற்று விஷயத்தில் குரல் தட்டச்சை நம்ப முடியாது. ஏழு, எட்டாம் வகுப்புக்கு அதுவே பயிற்சித்தாள். ‘பள்ளிக்கு சென்றேன், கதையை கேட்டேன், வந்து படுத்தேன்’ என்று வந்தால், முதல் இரண்டில் ச், க் போட வேண்டும். நான்காம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் பின் வல்லினம் மிகும். மூன்றாவது பொறி. சூட்டோடு சூடாகப் பாதி வகுப்பு ‘வந்துப் படுத்தேன்’ என்று எழுதும். ‘கேட்டுக் கொண்டான்’ என்பதில் மிகுகிறதே, ‘வந்து’வில் ஏன் மிகவில்லை என்று அவர்களே கேட்கும்போது வன்தொடரையும் (கேட்டு) மென்தொடரையும் (வந்து) எடுங்கள். நாவி என்ற சந்திப்பிழை திருத்தியும் வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தியும் இணையத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகள் திருத்தி முடித்த பிறகே அவற்றில் ஒட்டிப் பாருங்கள்.

விசைப்பலகை

‘amma’ என்று அடித்து அம்மாவை வரவைக்கும் முறை பெரியவர்களுக்கு வசதி. பிள்ளைக்கு அதில் எழுத்துக்கூட்டும் வேலையே இல்லை. வரிசையாக வரும் பரிந்துரையில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடும். தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய தமிழ்99 அப்படியல்ல. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் 247 எழுத்தும் வந்துவிடும். உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். ‘க’வை அடித்து ‘இ’யை அடித்தால் கண்ணெதிரே ‘கி’ ஆகிறது. உயிர்மெய் என்றால் என்ன என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரலால் கற்கிறது. விண்டோஸ் 10, 11-இல் மொழி அமைப்பில் சேர்த்தால் போதும்; போனுக்குச் செல்லினம் என்ற செயலி இருக்கிறது.

ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என நான்கு தட்டில் ‘அம்மா’ முடிந்தது. ங–க, ஞ–ச, ண–ட, ந–த, ம–ப, ன–ற ஆகிய இணைகளுக்கும் அப்படியே. மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வரும் என்ற இலக்கணம் விசையிலேயே இருக்கிறது. ‘பப்பாளி’ அடிக்கும்போதுதான் இடறும்: ப, ப, ப என்று போனால் முதல் எழுத்துக்கே புள்ளி விழுந்துவிடும். முதல் ‘ப’வுக்குப் பின் ‘அ’ ஒன்று அடித்துப் பிரிக்க வேண்டும்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. ‘தத்தை’யும் அதே கதை.

திருத்தும்போது இரண்டு திருட்டுப் பிழைகளைத் தேடுங்கள். ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’யும் ‘ள’வும் சேர்த்து ‘கெள’ என்று அடித்திருப்பார்கள்; பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் தேடலில் சிக்காது. ‘எ’வுக்குப் பதில் தமிழ் எண் ஏழான ‘௭’ விழுந்திருக்கும்.

அகராதி

ஐந்தாம் வகுப்புக்குமேல் தமிழ் விக்சனரியைத் திறந்துவிட்டு, பாடத்திலுள்ள ‘மரத்தில்’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்காததுதான் பாடம். வேற்றுமை உருபு ‘இல்’லைக் கழற்ற வேண்டும், ‘அத்து’ச் சாரியையைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் ‘மரம்’ வரும். ‘ஆற்றில்’ என்பதிலிருந்து ‘ஆறு’க்குப் போக இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ‘வந்தான்’ என்பதிலிருந்து ‘வா’வுக்குப் போவது அதைவிடக் கடினம். ஒரு கணினிக்கு மூன்று பேர்: ஒருவர் தட்டச்சு, ஒருவர் பிரித்துச் சொல்ல, ஒருவர் நோட்டில் எழுத. பத்துச் சொல்லுக்கு ஒருமுறை இடம் மாறட்டும். கணினி முன் முடிந்தவரை தட்டச்சு தெரியாத பிள்ளையை முதலில் உட்கார வையுங்கள். தெரிந்த பிள்ளை முதலில் உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை எழுந்திருக்காது.